ஆர்.சி. பள்ளிக்கூடம் யாருடையது?

சிறிய பள்ளிகளை மூடிவிடலாம் என்று சொல்வது இப்போது அறிவார்ந்த பேச்சாகிவிட்டது. மாணவர் எண்ணிக்கை, ஆசிரியர் எண்ணிக்கை, தலைக்கு ஆகும் செலவு என்று மூன்று கட்டங்கள் போட்ட ஒரு தாளின் அடியில் ‘தொடர்ந்து நடத்த இயலாது’ என்று எழுதிக் கையொப்பமிட்டால் போதும். ஒரு பள்ளியின் நெடுங்கதை முடிந்துவிடுகிறது. பிறகு அதே வளாகத்தில் கண்ணாடி முகப்போடு வேறொரு பள்ளி எழுகிறது. அதன் பெயர்ப்பலகையில் தமிழ் இருக்காது. இருந்தாலும் ஆங்கிலப் பெயரைத் தமிழ் எழுத்தில் எழுதிவைத்ததாக இருக்கும்.

நாம் இங்கே எடுத்துக்கொள்வது அவ்வாறு நலிந்துவரும் பள்ளிகளுள் ஒரு வகையை. மதுரை நகரின் பழைய தெருக்களிலும், நகருக்கு வெளியே கண்மாயும் கருவேலும் மாறிமாறி வரும் சமவெளி ஊர்களிலும், தேவாலயத்தின் பக்கச் சுவரை ஒட்டி நிற்கும் ‘ஆர்.சி. தொடக்கப்பள்ளி’ அது. ஊரார் வாயில் அது ‘சாமியார் பள்ளிக்கூடம்’, ‘சிஸ்டர் பள்ளிக்கூடம்’, சில இடங்களில் வெறும் ‘கோயில் பள்ளிக்கூடம்’. அரசு ஏட்டில் ‘அரசு உதவிபெறும் சிறுபான்மைத் தொடக்கப்பள்ளி’. ஒன்றாம் வகுப்பு முதல் ஐந்தாம் வகுப்பு வரை, பயிற்றுமொழி தமிழ்.

இப்பள்ளியைப் பற்றி மூன்று குரல்கள் ஓயாமல் ஒலிக்கின்றன. அது மதமாற்றக் கூடம் என்பது முதற்குரல். ஐந்து வகுப்புக்கு இரண்டு ஆசிரியர் இருக்குமிடத்தில் படிப்பு எங்கிருந்து வரும் என்பது இரண்டாவது. காலம் முடிந்தது, பிள்ளைகள் வருவதில்லை, கண்ணியமாக மூடிவிடுவதே மரியாதை என்பது மூன்றாவது. முதற்குரல் ஒரு முகாமிலிருந்தும், இரண்டாவது கல்வியாளர் என்று தம்மை அழைத்துக்கொள்வோரிடமிருந்தும், மூன்றாவது பெரும்பாலும் பள்ளியை நடத்துவோரிடமிருந்துமே வருகின்றன. மூன்றும் ஒன்றுக்கொன்று பகையானவை போலத் தோன்றினாலும் போய்ச் சேரும் இடம் ஒன்றுதான். அந்தப் பள்ளி யாருடையது என்ற கேள்வியை இம்மூவரும் கேட்பதில்லை. அது ஊருடையது என்பதே நம் வாதம். அதை ஒவ்வொன்றாக நிறுவ முயல்வோம்.

*

முதற்குரலை முதலில் பார்ப்போம். மதுரையில் கத்தோலிக்கப் பள்ளியின் வரலாறு, இராபர்ட் தெ நொபிலி 1606-இல் இந்நகருக்கு வருவதற்கு முன்பே தொடங்கிவிட்டது. கொன்சாலோ பெர்னாண்டஸ் என்ற போர்த்துக்கீசிய இயேசுசபைத் துறவி இங்கே ஒரு சிறு பள்ளியும் ஒரு மருத்துவச் சாலையும் நடத்திவந்தார். அப்பள்ளியில் கற்பித்தவர் ஓர் இந்து ஆசிரியர். நொபிலி வந்தபின் அந்த ஆசிரியரோடு நாள்கணக்கில் சமய வாதம் புரிந்தார்; முடிவில் ஆசிரியர் திருமுழுக்குப் பெற்றார். ஆகவே பள்ளிக்கும் மதமாற்றத்துக்கும் தொடர்பே கிடையாது என்று நாம் சாதிக்கப்போவதில்லை. ஆனால் அவர் வாதிட்டு, ஐயங்களை எழுப்பி, விடை கேட்டு மாறியவர் என்பதையும் சேர்த்தே நினைவுகொள்ள வேண்டும். மதுரைக்கு அது புதிதன்று. சமணரும் சைவரும் வைணவரும் வாதிட்டு மாறிய ஊர் இது.

அதன்பின் நான்கு நூற்றாண்டுகள் கடந்தன. 1773-இல் இயேசுசபை உலகெங்கும் கலைக்கப்பட்டது. மதுரை மிஷன் தளர்ந்தது. 1830களின் இறுதியில் பிரெஞ்சுத் துறவியர் வந்து மீண்டும் தொடங்கினர். 1938-இல் மதுரை தனி மறைமாவட்டமாயிற்று, 1953-இல் உயர்மறைமாவட்டம். இத்தனைக்கும் பிறகு 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் மதுரை மாவட்டத்துக் கிறித்தவர் தொகை நூற்றுக்கு நான்குக்கும் குறைவு. அதிலும் அமெரிக்க மிஷன் வழிவந்த சீர்திருத்தத் திருச்சபையினர் பாதியோ என்னவோ, எல்லாரும் அடக்கம். தொடக்கப்பள்ளி ஒரு மதமாற்றப் பொறி என்றால், உலகிலேயே இவ்வளவு பழுதான பொறியை இவ்வளவு காலம் யாரும் வைத்திருந்திருக்க மாட்டார்கள். அப்பள்ளிகளில் படித்து வெளியேறியவர்களில் மிகப் பெரும்பாலோர் எந்தச் சாமியைக் கும்பிட்டுக்கொண்டு உள்ளே போனார்களோ அந்தச் சாமியைக் கும்பிட்டுக்கொண்டே வெளியே வந்தார்கள். கூடுதலாகக் கொண்டுவந்தது எழுத்து.

எழுத்து என்று சொல்லும்போது ஒன்றை மறக்கலாகாது. இன்று தமிழகத்தின் எந்தப் பள்ளியிலும் ஒன்றாம் வகுப்புக் குழந்தை ‘கெ’ என்பதையும் ‘கே’ என்பதையும் வேறு வேறு கொம்பிட்டு எழுதக் கற்கிறது. எகர ஒகரங்களின் குறிலையும் நெடிலையும் இவ்வாறு வரிவடிவில் பிரித்துக்காட்டியது வீரமாமுனிவரின் சீர்திருத்தம். மதுரை மிஷனைச் சேர்ந்த அந்த இத்தாலியர் 18ஆம் நூற்றாண்டில் செய்தது அது. கத்தோலிக்கப் பள்ளி என்றாலே முகம் சுளிப்பவரும் அந்தக் கொம்பில்லாமல் தம் வசையை எழுத முடியாது.

இன்னொரு செய்தி, மதவாதிகளும் திருச்சபையாரும் சேர்ந்தே மறக்க விரும்புவது. 1854-ஆம் ஆண்டு உட்ஸ் கல்வி அறிக்கைக்குப் பின் இந்தியாவில் தனியார் பள்ளிகளுக்கு அரசு மானியம் தரும் முறை வேரூன்றியது. உதவிபெறும் பள்ளி ஆசிரியரின் ஊதியம் அரசுக் கருவூலத்திலிருந்து வருகிறது. பாடநூல் அரசுடையது, மதிய உணவு அரசுடையது. மண்ணும் சுவரும் திருச்சபையுடையவை. ஆனால் அந்தச் சுவரை எழுப்பச் செங்கல் சுமந்தது யார், கூரைக்குப் பனங்கை கொடுத்தது யார் என்று ஊர்க் கிழவர்களிடம் கேட்டுப்பாருங்கள். மதம் கேட்டு யாரும் செங்கல் சுமக்கவில்லை. பொதுப்பணமும் ஊர் உழைப்பும் சேர்ந்து நடந்த ஒன்றை ‘எங்கள் நிறுவனம்’ என்று ஒருவரும், ‘அந்நியர் கூடாரம்’ என்று மற்றொருவரும் அழைக்கிறார்கள். இரண்டும் ஒரே பிழையின் இரு முகங்கள்.

*

இனி இரண்டாவது குரல்: அங்கே படிப்பு என்ன இருக்கிறது?

ஒரு கணக்கைப் போட்டுப் பார்ப்போம். 2024 ஜூலையில் ஊரகப் பகுதியிலுள்ள உதவிபெறும் தொடக்கப்பள்ளிகளுக்குக் காலை உணவுத் திட்டம் விரிவாக்கப்பட்டபோது அரசு வெளியிட்ட எண்ணிக்கை 3,995 பள்ளிகள், 2,23,536 மாணவர்கள். வகுத்தால் பள்ளிக்கு 56 பிள்ளைகள். இது எல்லாச் சமயத்தவரும் தனியாரும் நடத்தும் பள்ளிகளின் சராசரி. ஆனால் நம் ஆர்.சி. பள்ளியின் உருவம் அதற்குள் தெளிவாகத் தெரிகிறது. கல்வி உரிமைச் சட்டத்தின் அட்டவணைப்படி 60 பிள்ளைகள் வரை இரண்டு ஆசிரியர் போதும். அதாவது ஐம்பத்தாறு பிள்ளைகள், ஐந்து வகுப்புகள், இரண்டு ஆசிரியர். இதை விதிவிலக்கான அவலம் என்று நினைத்திருப்போர் திருத்திக்கொள்ள வேண்டும். ஊரகத்து உதவிபெறும் பள்ளியின் இயல்பான நிலையே இதுதான்.

இந்நிலையில் வகுப்பறையில் நடப்பது என்ன? சென்ற ஆண்டு மதுரைக்கு மேற்கே ஒரு சிற்றூரின் பள்ளிக்கு நண்பர்கள் சிலரோடு கதை சொல்லச் சென்றிருந்தோம். ஒரே நீண்ட கூடம். ஒரு மூலையில் தலைமையாசிரியை மூன்றாம் வகுப்புக்குக் கடன் வாங்கிக் கழித்தலைப் புளியங்கொட்டைகளை வைத்துக் காட்டிக்கொண்டிருந்தார். மற்றொரு ஆசிரியர் நான்கையும் ஐந்தையும் சேர்த்து உட்காரவைத்திருந்தார். சுவரில் குழந்தைகளின் உயரத்துக்குத் தாழ்வாகக் கட்டியிருந்த கரும்பலகையின் அருகே ஐந்தாம் வகுப்புச் சிறுமி ஒருத்தி ஒன்றாம் வகுப்புப் பையனுக்கு எழுத்துச் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தாள். ‘தேர்’ என்று எழுதச் சொன்னாள். அவன் ‘தெர்’ என்று எழுதினான். அவள் தப்பு என்று சொல்லவில்லை, அழிக்கவுமில்லை. எழுதியிருந்ததை எழுதியபடியே, குறில் குறையாமல், “தெர்ரு” என்று உரக்க வாசித்தாள். சுற்றியிருந்தவை எல்லாம் சிரித்தன; எழுதியவனும் சிரித்தான்; பிறகு கொம்பைச் சுழித்துவிட்டான். எந்தத் தேர் என்று நாம் கேட்டோம். “மாதா கோயில் தேர்” என்றான் அவன். “இல்ல, சித்திரத் தேரு” என்றாள் அவள். அந்த வழக்கை நாம் தீர்த்துவைக்கவில்லை.

ஆசிரியப் பயிற்சியில் ஒரு பருவம் முழுதும் கற்பித்தாலும் எளிதில் கைவராத ஒன்றை அச்சிறுமி செய்தாள். பிழையை ஆசிரியர் சுட்டுவதற்கும், பிழை தன் காதில் தானே விழுவதற்கும் உள்ள தொலைவு பெரிது. அவளுக்கு அது எங்கிருந்து வந்தது? அவளும் ஒன்றாம் வகுப்பில் இருந்தபோது யாரோ ஓர் ஐந்தாம் வகுப்பு அக்கா அவளுக்கு அப்படி வாசித்துக் காட்டியிருப்பாள். ஐந்து வகுப்பும் ஒரே கூடத்தில் இருப்பதால் மட்டுமே நிகழும் கல்வி இது. கீழ்வகுப்புப் பிள்ளை மேல்வகுப்புப் பாடத்தை மூன்றாண்டுக்கு முன்பே காதில் வாங்குகிறது; மேல்வகுப்புப் பிள்ளை தான் கடந்துவந்த பாடத்தைக் கற்பித்து உறுதிசெய்துகொள்கிறது.

இது நம் மண்ணுக்குப் புதிதா என்ன? திண்ணைப் பள்ளியில் சட்டாம்பிள்ளை செய்ததும் இதுவே. 1790களில் சென்னை எழும்பூரில் படைவீரர் அநாதைப் பிள்ளைகளின் விடுதியை நடத்திய ஆண்ட்ரூ பெல் என்ற ஸ்காட்லாந்துப் பாதிரியார், நாட்டுப் பள்ளியில் பிள்ளைகள் மணலில் விரலால் எழுதுவதைக் கண்டு, அதைத் தம் பள்ளியில் கொண்டுவந்து, மூத்த பிள்ளை இளைய பிள்ளைக்குக் கற்பிக்கும் முறையாக வளர்த்து, 1797-இல் இங்கிலாந்தில் நூலாக வெளியிட்டார். ‘மதராஸ் முறை’ என்ற பெயரிலேயே அது பிரிட்டிஷ் தீவுகளெங்கும் பரவியது. மணலை நம்மிடமிருந்து கொண்டுபோய் முறையாக்கி விற்றார்கள். நாம் ஒரே கூடத்தில் ஐந்து வகுப்பு இருப்பதைப் பின்தங்கிய நிலை என்று வெட்கப்படக் கற்றுக்கொண்டோம். 2007-08 முதல் தமிழகத் தொடக்கப்பள்ளிகளில் பரவலாக்கப்பட்ட செயல்வழிக் கற்றல், ஏணிப்படிகளும் அட்டைகளும் வட்ட அமர்வுமாக, கலந்த வகுப்பைக் குறையாகக் கருதாமல் கருவியாகவே கொண்டது என்பதையும் இங்கே நினைவூட்டலாம்.

ஓர் எச்சரிக்கை. இரண்டு ஆசிரியரே போதும் என்பதற்கு இதை யாரும் சான்றாக எடுத்துக்கொள்ளக் கூடாது. அச்சிறுமிக்கும் அவளுடைய பாடம் உண்டு. அவளைச் சம்பளமில்லா உதவியாசிரியை ஆக்கிவிட்டுச் செலவை மிச்சப்படுத்துவது அநீதி. பெல்லின் முறையும் ஏழைகளுக்கு மலிவாகக் கல்வி தரும் உபாயமாகவே அங்கே பயன்பட்டது. நாம் சொல்வது வேறு: மூன்றாவது ஆசிரியர் ஒருவர் இருந்தால் அந்தக் கூடம் என்னவாகும் என்று எண்ணிப்பார்க்காமல், இருவர் இருப்பதாலேயே அதை மூடு என்பது கல்வியியல் ஆகாது.

*

மூன்றாவது குரலுக்கு வருமுன் பள்ளியின் ஊர்வாழ்வைப் பற்றிச் சில சொற்கள்.

மதுரைச் சமவெளியின் பள்ளி வரைபடத்தை விரித்துப் பாருங்கள். மாநகராட்சிப் பள்ளி, ஊராட்சி ஒன்றியப் பள்ளி, குற்றப்பரம்பரைச் சட்டக் காலத்து நிழலில் பிறந்த கள்ளர் சீரமைப்புப் பள்ளி, ஆதிதிராவிடர் நலப் பள்ளி, சாதிச் சங்கங்களின் உறவின்முறைப் பள்ளி, தென்னிந்தியத் திருச்சபைப் பள்ளி, ஆர்.சி. பள்ளி. ஒவ்வொரு பெயர்ப்பலகையும் ஒரு சமூகத்தின் முகவரி. பிள்ளையின் சாதியைச் சான்றிதழில் பார்க்க வேண்டியதில்லை, பள்ளியின் பெயரிலேயே பாதி தெரிந்துவிடும் என்னும் அளவுக்கு நாம் கல்வியைப் பாத்தி கட்டிப் பிரித்திருக்கிறோம். இத்தனை பாத்திகளுக்கு நடுவில், சமயப் பெயர் தாங்கிய இப்பள்ளியில்தான் பல ஊர்களில் எல்லாத் தெருப் பிள்ளைகளும் ஒரு பாயில் அமர்வதை நாம் கண்டிருக்கிறோம். ஞானோபதேச வேளையில் கத்தோலிக்கப் பிள்ளைகள் ஒரு பக்கமும், நீதிபோதனைக்கு மற்றவர்கள் மறுபக்கமும் போவார்கள். அரைமணி கழித்து எல்லாரும் ஒரே சோற்று வரிசையில் நிற்பார்கள். கிறிஸ்துமஸ் குடிலுக்கு வைக்கோல் கொண்டுவருபவன் அய்யனார் கோயில் பூசாரியின் பேரனாக இருப்பான். தேவாலய மணிதான் பள்ளிக்கும் மணி. வயலில் நிற்பவருக்கும் அதுவே கடிகாரம்.

இதை இப்படியே நிறுத்திவிட்டால் இது பொய்யாகிவிடும். அந்தப் பாயிலும் சாதி அமர்ந்திருந்தது. கல்லறையில் சுவர் எழுப்பிய திருச்சபை, வகுப்பறையில் மட்டும் கை கழுவிவிட்டு வந்ததாக நாம் நம்ப வேண்டியதில்லை. பாமாவின் ‘கருக்கு’ 1992-இல் இந்த மதுரையில்தான், சமுதாய சிந்தனை செயல் ஆய்வு மையத்தின் வெளியீடாக வந்தது. ஏழைப் பிள்ளைகளுக்குக் கற்பிக்கும் வேட்கையோடு துறவறம் புகுந்த ஒரு தலித் பெண், வசதிபடைத்தோர் பிள்ளைகளுக்கான பள்ளியில் தாம் நிறுத்தப்பட்டதைக் கண்டு மடத்தை விட்டு வெளியேறிய கதை அது. 2024-இல் மறைந்த ராஜ் கௌதமனின் ‘சிலுவைராஜ் சரித்திரம்’ 2002-இல் வந்தது, ஆர்.சி. பள்ளியில் வளரும் ஒரு தலித் பையனின் கண்ணில் வாத்தியாரும் சாமியாரும் எப்படித் தெரிந்தார்கள் என்பதை அதைவிட இரக்கமற்ற நகைச்சுவையோடு தமிழில் யாரும் எழுதவில்லை. இந்திய ஆயர் பேரவையே 2016-இல் தலித் மேம்பாட்டுக் கொள்கையை வெளியிட்டபோது திருச்சபைக்குள் சாதிப் பாகுபாடு இருப்பதை ஒப்புக்கொண்டது.

இந்நூல்களை எடுத்துக்காட்டி, பார்த்தீர்களா, அந்தப் பள்ளிகள் ஒழியட்டும் என்பாரை நாம் அறிவோம். அவர்கள் இவற்றைச் சரியாக வாசிக்கவில்லை. ‘கருக்கு’வின் கோபம், பள்ளி இருக்கிறதே என்பதற்காக எழுந்ததன்று, அது யாருக்காக இருக்க வேண்டுமோ அவர்களிடமிருந்து பறிக்கப்பட்டதே என்பதற்காக எழுந்தது. வீட்டுக்குள் உரிமை கோருபவரின் குரல் அது. பங்கு கேட்டவரிடம், வீட்டையே இடித்துவிட்டோம், பிரச்சினை தீர்ந்தது என்று சொல்வது என்ன நியாயம்?

*

இப்போது மூன்றாவது குரல்: பிள்ளைகள் வருவதில்லை.

பிள்ளைகள் தாமாக வராமற்போகவில்லை. வராதிருக்கும்படி செய்யப்பட்டது. செய்தவர்களில் முதலாவது அரசு.

காலை உணவுத் திட்டத்தையே எடுத்துக்கொள்வோம். 2022 செப்டம்பர் 15-ஆம் நாள் அது மதுரையில்தான், ஆதிமூலம் மாநகராட்சித் தொடக்கப்பள்ளியில் தொடங்கப்பட்டது. முதற்கட்டத்தில் 1,545 அரசுப் பள்ளிகள், 1,14,095 பிள்ளைகள். போற்றத்தக்க திட்டம், நாம் போற்றுகிறோம். 2023 ஆகஸ்டில் அது எல்லா அரசுத் தொடக்கப்பள்ளிகளுக்கும் விரிந்தது. ஊரக உதவிபெறும் பள்ளிகளுக்கு 2024 ஜூலை 15-இல் வந்தது. திருவள்ளூர் மாவட்டம் கீழச்சேரியில் புனித அன்னாள் தொடக்கப்பள்ளியில் அவ்விரிவாக்கம் தொடங்கப்பட்டது. நகர்ப்புற உதவிபெறும் பள்ளிகளுக்கோ 2025 ஆகஸ்ட் 26 வரை காத்திருக்க வேண்டியதாயிற்று. அது மயிலாப்பூர் புனித சூசையப்பர் தொடக்கப்பள்ளியில் தொடங்கப்பட்டது. இருமுறையும் விழா எடுக்கக் கத்தோலிக்கப் பள்ளியே கிடைத்தது. ஆனால் திட்டம் பிறந்த இதே மதுரை நகரில், மாநகராட்சிப் பள்ளிப் பிள்ளை உப்புமாவும் பொங்கலும் சாப்பிட்ட ஏறத்தாழ மூன்றாண்டுக் காலம், அடுத்த தெருவின் ஆர்.சி. பள்ளிப் பிள்ளை வெறும் வயிற்றோடு காலை வழிபாட்டில் நின்றது. இருவரும் ஒரே வளவில் குடியிருப்போரின் பிள்ளைகள். இருவரின் தாய்மாரும் ஒரே வீட்டில் பாத்திரம் தேய்ப்பவர்கள். எந்தத் தாய் தன் பிள்ளையை உணவில்லாத பள்ளியில் விட்டுவைப்பாள்? சத்துணவில் உதவிபெறும் பள்ளியை வேறாக எண்ணாத அரசுக்கு, காலை உணவில் மட்டும் அந்த வேறுபாடு எப்படித் தோன்றிற்று?

அத்தோடு முடியவில்லை. 1991-92 கல்வியாண்டுக்குப் பின் தொடங்கிய தனியார் பள்ளிகளுக்கும் வகுப்புகளுக்கும் மானியம் கிடையாது. அதாவது உதவிபெறும் பள்ளி என்ற இனமே இனி பிறக்காது. இருப்பவை தேய்ந்து மறைய வேண்டியதுதான். ஆண்டுதோறும் ஆகஸ்ட் முதல் நாள் தலைகள் எண்ணப்படும். எண்ணிக்கை குறைந்தால் ஆசிரியர் ‘உபரி’. உபரி ஆனவர் போனால் பள்ளியில் ஒருவர். ஒருவர் இருக்கும் பள்ளிக்கு அடுத்த ஆண்டு பிள்ளைகள் இன்னும் குறைவர். காலிப் பணியிடத்துக்கு நியமன ஒப்புதல் கேட்டு உயர்நீதிமன்ற மதுரைக் கிளையில் ஏறி இறங்கும் வழக்குகளை அவ்வட்டாரத்து ஆசிரியர் எவரும் அறிவார். மருத்துவப் படிப்பில் 2020-இல் தரப்பட்ட 7.5 விழுக்காட்டு உள்ஒதுக்கீடும் அரசுப் பள்ளி மாணவர்க்கே. ஆறாம் வகுப்பு முதல் உதவிபெறும் பள்ளியில் படித்த கூலித் தொழிலாளியின் மகளுக்கு அதில் இடமில்லை. ஐந்து வயதுக் குழந்தையைச் சேர்க்கும்போதே இதையெல்லாம் கணக்கிடும் அளவுக்கு நம் ஏழைகள் விவரமானவர்கள்.

*

இரண்டாவது குற்றவாளி திருச்சபை நிர்வாகம். இதைச் சொல்லும்போது தனி ஒருவரையோ ஒரு நிறுவனத்தையோ நாம் குறிக்கவில்லை. ஒரு போக்கைக் குறிக்கிறோம்.

ஒரே வளாகத்தில் இரண்டு வாயில்கள். ஒன்றில் கட்டணமில்லாத தமிழ்வழி உதவிபெறும் பள்ளி. ஓடு சரிந்திருக்கும், கழிப்பறைக் கதவு பெயர்ந்திருக்கும், அறிவியல் அட்டைகள் அலமாரியில் செல்லரித்துக் கிடக்கும். மற்றொன்றில் கட்டணம் வாங்கும் ஆங்கிலவழிப் பள்ளி. பேருந்துகள் அணிவகுத்து நிற்கும். இரண்டுக்கும் ஒரே புனிதரின் பெயர். பங்கு ஆலயத்தில் ஞாயிறன்று ஏழைகளின் நற்செய்தி வாசிக்கப்படும். திங்களன்று திறமையான ஆசிரியரும் புதிய கணினியும் இரண்டாவது வாயிலுக்குள் போகும். பிறகு முதல் வாயிலைக் காட்டி, பெற்றோர் ஆங்கிலவழியையே விரும்புகிறார்கள், நாங்கள் என்ன செய்வது என்று கைவிரிப்பது. பயிரைக் காயவிட்டவரே மண்ணைக் குறை சொல்வது போன்றது இது.

இரண்டாம் வத்திக்கான் சங்கம் கிறித்தவக் கல்வி குறித்து 1965 அக்டோபர் 28-இல் வெளியிட்ட அறிக்கை, பொருளில் ஏழையானவர், குடும்பத்தின் அரவணைப்பு இல்லாதவர், கிறித்தவ நம்பிக்கைக்கு வெளியே இருப்பவர் ஆகியோரைக் கத்தோலிக்கப் பள்ளி சிறப்பாகக் கருத வேண்டும் என்கிறது. மூன்று அடையாளமும் ஒருசேரப் பொருந்துவது மதுரைச் சமவெளியின் ஆர்.சி. தொடக்கப்பள்ளிப் பிள்ளைக்கே. ரோமாபுரியில் அமர்ந்து எழுதியவர்கள் நம் கண்மாய்க்கரைப் பிள்ளையைப் பார்த்தே எழுதியது போலிருக்கிறது. அதைப் படித்த நம்மூர் நிர்வாகிகளுக்குத்தான் அப்பிள்ளை கண்ணில் படவில்லை.

அரசியல் சட்டத்தின் 30-ஆம் பிரிவு சிறுபான்மையினருக்குத் தம் கல்வி நிறுவனங்களை நிறுவவும் நிர்வகிக்கவும் உரிமை தருகிறது. அவ்வுரிமைக்காக நாமும் குரல் கொடுப்போம். பெரும்பான்மைவாதம் தலைவிரித்தாடும் காலத்தில் அது இன்றியமையாதது. கல்வி உரிமைச் சட்டம் சிறுபான்மைப் பள்ளிகளைக் கட்டுப்படுத்தாது என்று 2014-இல் உச்ச நீதிமன்றத்தின் அரசியல்சாசன அமர்வு தீர்ப்பளித்தது. 2025 செப்டம்பரில் வேறோர் அமர்வு அத்தீர்ப்பை ஐயுற்று, விரிந்த அமர்வின் பரிசீலனைக்கு உரியது என்றது. ஆக, அவ்வுரிமைக்காக மீண்டும் வழக்காடும் காலம் வருகிறது. அப்போது நீதிமன்றத்தில் திருச்சபை எதைக் காட்டி வாதிடப்போகிறது? இரண்டாம் வாயிலையா, முதல் வாயிலையா? நிர்வகிக்கும் உரிமையைப் போராடிப் பெற்றுவந்து அதை மூடும் உரிமையாகப் பயன்படுத்தினால், அடுத்த முறை அவ்வுரிமைக்காகத் தெருவில் நிற்க ஊரிலிருந்து யார் வருவார்கள்?

சின்னஞ்சிறு பள்ளியை வைத்துக்கொண்டு ஒரு கத்தோலிக்கக் குருவால் என்ன செய்ய முடியும் என்று கேட்போருக்கு இத்தாலியிலிருந்து ஒரு சான்று உண்டு. 1954-இல் லொரென்சோ மிலானி என்ற குருவானவரை, மேலிடத்துக்குப் பிடிக்காமற் போனதால், பிளாரன்ஸ் அருகே மலைமேல் பார்பியானா என்ற குக்கிராமத்துக்கு அனுப்பினார்கள். சாலை இல்லை, ஆட்கள் இல்லை. தேர்வில் தோற்று விரட்டப்பட்ட குடியானவப் பிள்ளைகளைச் சேர்த்து அவர் ஒரு பள்ளி நடத்தினார். பெரியவன் சின்னவனுக்குக் கற்பித்தான். செய்தித்தாள் பாடநூலாயிற்று. 1967-இல் அப்பிள்ளைகளில் எண்மர் சேர்ந்து, ஏழைகளை வடிகட்டி வெளியேற்றும் கல்விமுறையைக் குற்றக்கூண்டில் நிறுத்தி, ஓர் ஆசிரியைக்கு நீண்ட கடிதமாக ஒரு நூல் எழுதினார்கள். ‘எங்களை ஏன் டீச்சர் பெயிலாக்கினீங்க?’ என்று அது தமிழிலும் வந்திருக்கிறது. அதே ஆண்டு மிலானி இறந்தார். ‘தொடர்ந்து நடத்த இயலாது’ என்று எழுதிக் கையொப்பமிட உலகிலேயே பொருத்தமான பள்ளி பார்பியானா. ஐரோப்பாவின் கல்விச் சிந்தனையை உலுக்கிய நூல் அந்த இயலாத பள்ளியிலிருந்துதான் புறப்பட்டது.

மூன்றாவது குற்றவாளியைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை; தமிழ் மேடைகளில் அவரை நாள்தோறும் பார்க்கலாம். தமிழ்வழிக் கல்வி என்று முழங்கிவிட்டு, தம் ஊரில் தமிழ்வழிப் பள்ளியொன்று மூடப்படும் செய்தியை நாளிதழின் உள்பக்கத்தில் புரட்டிக் கடந்துபோகிறவர். செம்மொழி மாநாட்டுக்குப் பந்தல் போட ஆள் கிடைக்கிறது. ‘தேர்’ என்று எழுதக் கற்கும் பையனுக்கு மூன்றாவது ஆசிரியர் கேட்க ஆள் கிடைப்பதில்லை.

*

புலம்பிவிட்டுப் போவது நம் நோக்கமன்று. கேட்பவற்றைத் தெளிவாகவே கேட்கிறோம்.

அரசு, தன் தொடக்கப்பள்ளிப் பிள்ளைக்கு ஒரு நலத்திட்டத்தை அறிவிக்கும் நாளிலேயே உதவிபெறும் பள்ளிப் பிள்ளைக்கும் அதை அறிவிக்க வேண்டும். பசிக்கு நிர்வாக வகைப்பாடு கிடையாது. ஐந்து வகுப்பு உள்ள பள்ளியில் எண்ணிக்கை எதுவாயினும் மூன்று ஆசிரியருக்குக் குறையக் கூடாது. கலந்த வகுப்பைக் கையாளும் பயிற்சி, ஆசிரியப் பயிற்சியின் ஓரத்திலிருந்து நடுவுக்கு வர வேண்டும்.

திருச்சபை, எந்தத் தொடக்கப்பள்ளியையும் மூடுமுன் ஊர்க்கூட்டம் கூட்ட வேண்டும். வழிபாட்டுக்கு வருவோரை மட்டுமன்றி, பிள்ளைகளை அனுப்பும் எல்லாத் தெருவினரையும் அழைத்து, கணக்கைத் திறந்துவைத்துப் பேச வேண்டும். கட்டணப் பள்ளியின் வருவாயில் ஒரு பங்கை அதே வளாகத்துத் தமிழ்வழிப் பள்ளிக்கு ஆண்டுதோறும் ஒதுக்கி, அதைப் பலகையில் எழுதி வைக்க வேண்டும். ஆசிரியர், தலைமையாசிரியர், தாளாளர் ஆகிய பொறுப்புகளில் தலித்துகள் எத்தனை பேர் என்ற விவரத்தை வெளியிட வேண்டும்; 2016 கொள்கை அறிக்கை அச்சிட்ட தாளோடு நின்றுவிட்டதா என்பது அப்போது தெரியும். மூடியே தீர வேண்டிய நிலை வந்தால், அந்த நிலம் அந்த ஊர்ப் பிள்ளைகளின் கல்விக்கன்றி வேறெதற்கும் போகக் கூடாது. செங்கல் சுமந்தவர்களின் பேரப்பிள்ளைகள் அங்கே இன்னும் இருக்கிறார்கள்.

வாசக நண்பர்களுக்கும் ஒன்று. உங்கள் ஊரில் அத்தகைய பள்ளி ஒன்று இருக்கும். இதழ்களில் வரும் கல்விக் கட்டுரைகளை வாசிப்பதோடு நிறுத்திக்கொள்ளாமல், ஒருநாள் தலைமையாசிரியரிடம் அனுமதி கேட்டு உள்ளே போய், கடைசிப் பாயில் ஒருமணி நேரம் அமர்ந்து பாருங்கள். எத்தனை பிள்ளைகள், எத்தனை ஆசிரியர், கூரை எப்படி, நூலகத்தில் என்ன நூல் என்று எழுதிக்கொள்ளுங்கள். பிறகு அதைப் பொதுவில் எழுதுங்கள். வரும் ஆகஸ்ட் முதல் நாள் அங்கே மறுபடியும் தலைகளை எண்ண வருவார்கள். அதற்கு முன்னால் நாம் போயிருக்க வேண்டும்.